சூடு என்று ஒரு வியாதி

எழில்மொழிக்கு யார் என்ன புத்தி சொன்னாலும் கோபம் வராது, ஒன்றைத் தவிர. "தண்ணி நெறைய குடிம்மா" என்று சொன்னால் மட்டும் பற்றிக்கொண்டு வரும். சொன்னது டாக்டரா, மாமியாரா, மருந்துக்கடைக்காரரா என்றெல்லாம் அந்தக் கோபம் பார்க்காது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? குடித்த தண்ணீர் உள்ளேயே குடித்தனம் நடத்துமா? அது வெளியே போக ஓர் இடம் வேண்டாமா? இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்பதென்றால் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து, தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவாள்.

எழில்மொழி வியாசர்பாடியில் பிறந்தவள், வியாசர்பாடியிலேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கணவன் தீனாவுக்கு ரயில்வே யார்டில் கான்டிராக்ட் வேலை. ஒரே மகள் சங்கமித்ரா ஒன்பதாவது படிக்கிறாள். எழில்மொழிக்கு உத்தியோகம், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டை ஒட்டி அண்ணாச்சி சுடலைராஜ் நடத்துகிற எடை மேடையில். லாரி முழுதாக ஏறி நிற்கிற அளவுக்கு ஓர் இரும்புத் தளம், பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, அதில் அவள். காலி லாரிக்கு ஓர் எடை, சரக்கோடு வந்தால் இன்னோர் எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரும்பின் எடை.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். டிரைவர் இறங்கினேன் என்று சொல்லிவிட்டு சீட்டில் படுத்திருப்பான். பின்சக்கரம் அரை அடி தளத்துக்கு வெளியே நிற்கும். காலி எடை போடும்போது மட்டும் டேங்க் நிறைய தண்ணீர் இருக்கும். இத்தனை தில்லுமுல்லையும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிடுவாள். அவள் போட்டுத் தரும் எடைச்சீட்டை மார்க்கெட்டில் யாரும் இரண்டாம் தடவை சரிபார்ப்பதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஆண்கள்தான் இருந்தார்கள். அண்ணாச்சிக்கு அவர்களோடு ஒரே தொல்லை. டீக்கு எழுந்து போவார்கள், பீடிக்கு எழுந்து போவார்கள், சுவரோரமாக ஒதுங்கப் போவார்கள். அந்த இடைவெளியில் நான்கு வண்டி சேர்ந்துவிடும். பெண்பிள்ளை என்றால் இடத்தை விட்டு எழுந்திருக்காது என்று யாரோ சொல்ல, கம்ப்யூட்டரில் டேலி கணக்கு படித்த எழில்மொழியை வேலைக்கு வைத்தார். அவரது கணக்குத் தப்பவில்லை. காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாள். "நம்ம எழில் மாதிரி ஒரு ஆள் கிடைக்குமா? சீட்ட விட்டு அசையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவளும் அதைக் கேட்டுக் கூச்சத்தோடு சிரித்துக்கொள்வாள். அதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பாராட்டைக் காப்பாற்றத்தான் அவள் இத்தனை வருஷமாகத் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

அசையாமல் இருந்ததற்குக் காரணம் விசுவாசம் மட்டுமில்லை. போக இடமில்லை. எடை மேடைக்குப் பின்னால் சுமை தூக்குகிறவர்களும் டிரைவர்களும் போகிற ஒரு கழிவறை உண்டு. அதற்குப் பாதிக் கதவுதான், அந்தப் பாதியிலும் தாழ்ப்பாள் கிடையாது. மாடியில் அண்ணாச்சியின் ஆபீஸ் அறையை ஒட்டி இரண்டு உண்டு. ஒன்று அவருக்கு. இன்னொன்று நல்ல டைல்ஸ் போட்டு, பூட்டுப் போட்டு, வீட்டுப் பெண்களுக்கென்று வைத்தது. வீட்டுப் பெண்கள் வருஷத்தில் ஒருநாள், ஆயுத பூஜைக்கு வருவார்கள். அன்றைக்குத் திறப்பார்கள், சாயங்காலம் பூட்டுவார்கள். சாவி ராயபுரத்தில் அண்ணாச்சியின் மனைவி சிவந்தியிடம் இருக்கும்.

எனவே எழில்மொழி ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். காலையில் அரை டம்ளர் டீ, அதோடு சரி. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருதரம் போவாள். அப்புறம் சாயங்காலம் வீடு திரும்பித்தான். மத்தியானம் சாப்பிட்டதும் வாயை நனைக்க ஒரு வாய் தண்ணீர். வெயில் காலத்தில் கண்ணாடி அறை அடுப்பாகக் காயும், நாக்கு அண்ணத்தில் ஒட்டும், அப்போதும் அந்த ஒரு வாய்தான். மாலையில் ஷேர் ஆட்டோவில் இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்து, மூன்று மாடி ஏறி, வீட்டுக் கதவு திறப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிடும். இப்படித்தான் வருஷக்கணக்காக ஓடியது.

எரிச்சல் வந்தது. வராமல் என்ன செய்யும்? சொட்டுச் சொட்டாகப் போகும், போகும்போது மிளகாய் தடவியதுபோல் எரியும், போய்விட்டு வந்த அடுத்த நிமிஷம் மறுபடி முட்டும், அடிவயிற்றில் ஒரு பாரம். அதற்கு எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஒரே பெயர்தான் உண்டு: சூடு. வயிற்று வலி சூடு, வாய்ப்புண் சூடு, இதுவும் சூடு. சூடு என்று சொல்லிவிட்டால் எந்த இடத்தில் என்ன கோளாறு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மரியாதையான வியாதி. எழில்மொழி ஞாயிற்றுக்கிழமை காலுக்கு விளக்கெண்ணெய் தடவி, வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்து, இளநீர், மோர், பார்லிக் கஞ்சி என்று நாள் முழுக்க ஊற்றுவாள். வீட்டில் கழிவறை இருக்கிறதே, பயமில்லை. சாயங்காலத்துக்குள் எரிச்சல் குறைந்துவிடும். பார்த்தாயா, சூடுதான் என்பாள். திங்கட்கிழமை போய் மறுபடி அந்த நாற்காலியில் உட்காருவாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாதபோது பக்கத்து வீட்டுக் குப்பம்மா இருந்தாள். குப்பம்மா காசிமேட்டில் விடிகாலை மீன் எடுத்து வந்து தெருவில் விற்பவள். தங்கமான மனசு. அந்தத் தங்கமான மனசுதான் அந்த மாடி முழுவதையும் கெடுத்தது. டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அந்த மாடியில் யாரும் ஏழு நாள் சாப்பிடுவதில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை எறிய மனசு வராது, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே. அதைக் குப்பம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் வீட்டுச் சுவர் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். பல்வலிக்கு அதிலிருந்து ஒரு பட்டை, குழந்தைக்கு இருமல் என்றால் ஒரு பட்டை. நிறத்தை வைத்து எடுப்பாள். எழில்மொழிக்கு ஆரஞ்சு நிறம் என்று முடிவாகியிருந்தது. இரண்டு போட்டால் எரிச்சல் நிற்கும். நின்றதும் எழில்மொழி நிறுத்திவிடுவாள். மீதி இருந்தால் பைக்குத் திரும்பிப் போகும்.

இதைச் சொல்லும்போதே கை பரபரக்கிறது. அவளுக்கு இருந்தது சூடில்லை. உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருந்தது. இரண்டு மாத்திரைக்குச் செத்தவை சோதாக் கிருமிகள். அந்த மருந்தைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கத் தெரிந்தவை பிழைத்துக்கொண்டன. அடுத்த தடவை பெருகியது அவற்றின் வம்சம். அதற்கும் இரண்டே மாத்திரை. அதிலும் பிழைத்தவை இன்னும் கெட்டிக்காரக் கிருமிகள். இப்படி அவளும் குப்பம்மாவுமாகச் சேர்ந்து, பாசத்தோடு, மருந்துக்கு மசியாத ஒரு கூட்டத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன பங்குனியில் எரிச்சல் ஆரஞ்சு மாத்திரைக்கு அடங்கவில்லை. நீர் கலங்கலாக, நாற்றமடித்துப் போயிற்று. தீனா வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அங்கே டாக்டர் ஜெமிமா என்று ஒருவர், சின்ன வயசு, பொறுமையான பேச்சு. ஒரு மூடி போட்ட டப்பாவைக் கையில் கொடுத்து விளக்கமாகச் சொன்னார். நாளைக் காலையில் முதல் நீர், கழுவிக்கொண்டு, ஆரம்பத்தில் போவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், அதற்கு முன் எந்த மாத்திரையும் போடக்கூடாது, எது கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்க்கப் போகிறோம் என்றார். எழில்மொழி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் விடியற்காலையில் குப்பம்மா கூடையோடு கிளம்பும்போது, இவள் மாடி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா எழிலு, மூஞ்சே செத்துக்கீது? ஆஸ்பத்திரில எம்மா நேரம் நிக்க வெப்பாங்களோ. ஒரு மாத்தரய போட்டுகினு போ, வழியில பேஜாரு ஆவாது" என்றாள்.

எழில்மொழியும் போட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஷேர் ஆட்டோவிலும் வரிசையிலும் நிற்க வேண்டுமே என்ற பயம் பெரிதாக இருந்தது. குப்பம்மா சொன்ன ஒன்று, வழக்கம்போல் இரண்டாகப் போயிற்று. அது வேலை செய்யக் காத்திருந்து, ஏழரை மணிக்கு டப்பாவை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள். கிளம்புமுன் அந்த மாத்திரை சமாச்சாரத்தை யாரிடமும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்துகொண்டாள். டாக்டரம்மா திட்டுவாரே!

மூன்றாம் நாள் முடிவு வந்தது. நீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கின்றன, வளர்த்துப் பார்த்ததில் கிருமி எதுவும் வளரவில்லை என்று எழுதியிருந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள் எழில்மொழி. டாக்டர் கொஞ்சம் யோசித்து, இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று புது டப்பா கொடுத்தார். அந்த டப்பாவில் எழில்மொழி பிறகு மஞ்சள்தூள் போட்டு வைத்தாள். கிருமி இல்லை என்று எழுத்திலேயே வந்துவிட்டது, அப்புறம் என்ன? மாடி முழுக்கச் சேதி பரவியது. அப்பவே சொன்னோமே சூடுதான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். குப்பம்மா ஒரு வஞ்சிரத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே இருந்தவை எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. டப்பாவில் விழுந்தவை, நீரில் செறிந்து இறங்கிய மாத்திரையின் மயக்கத்தில் இருந்தன, வளரவில்லை, அவ்வளவுதான். உடம்புக்குள் இருந்தவை மயக்கம் தெளிந்து மெல்ல மேலே ஏற ஆரம்பித்தன.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. ஹார்பரிலிருந்து இரும்புச் சுருள் ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பதினோரு மணிக்கு எழில்மொழிக்குக் குளிர ஆரம்பித்தது. சித்திரை வெயிலில், கண்ணாடி அறைக்குள், பல் கிட்டிப்போகிற குளிர். வலது விலாவுக்குப் பின்னால் யாரோ கட்டையால் இடித்ததுபோல் வலி. அப்போதும் எழுந்திருக்கவில்லை. துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு இன்னும் நான்கு வண்டிக்கு எடை போட்டாள். ஐந்தாவது வண்டி எண்ணூர் வால்டருடையது. பழக்கமான டிரைவர், வயசானவர். சீட்டு வாங்கக் கையை நீட்டியவர், இவள் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிவதைப் பார்த்தார். லாரியைத் தளத்திலேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இந்தத் தடவை எந்த மருந்தும் போடுவதற்கு முன்னால் நீரையும் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் ஊசி. ஸ்கேனில் வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. சர்க்கரை இல்லை, கல் இல்லை. காய்ச்சல் மட்டும் இறங்குவேனா என்றது. இரண்டு நாள் ஊசி போட்டும் ராத்திரியானால் கட்டில் ஆடுகிற நடுக்கம். தீனா வேலைக்குப் போகாமல் வராந்தாவில் கிடந்தான். சங்கமித்ரா பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஜெமிமா கையில் காகிதத்தோடு வந்தார். இந்த முறை கிருமி வளர்ந்திருந்தது, செழிப்பாகவே. அதை ஒரு தட்டில் வளரவிட்டு, மேலே பொட்டுப்பொட்டாக ஒவ்வொரு மருந்தையும் வைப்பார்களாம். மருந்து பலித்தால் பொட்டைச் சுற்றி கிருமி அண்டாது, வெறும் இடமாக ஒரு வட்டம் தெரியும். எழில்மொழியின் தட்டில் பெரும்பாலான பொட்டுகளை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. மருந்துகளின் பெயர்களை டாக்டர் படிக்கப் படிக்க, கட்டிலோரம் நின்றிருந்த குப்பம்மாவின் முகம் மாறியது. படிக்கத் தெரியாவிட்டாலும் மாத்திரைப் பெயர்கள் அவளுக்குக் காதுவழி மனப்பாடம். பையிலிருந்த பாதிப் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன, பலிக்காத பக்கத்தில்.

"அது அல்லாம் நான் குடுத்ததாச்சே" என்றாள் மெதுவாக.

எழில்மொழிக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் டப்பாவை நிரப்பினேன் என்பதையும் சொல்லிவிட்டாள். ஜெமிமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

"சூடுன்னு ஒரு கிருமி கிடையாதும்மா" என்றார். "இது எல்லார் குடல்லயும் இருக்கறதுதான். அங்க இருக்கற வரைக்கும் சாது. மூத்திரப் பாதைக்கு வந்தா தொல்லை. பொம்பளைங்களுக்கு அந்தப் பாதை ரொம்பச் சின்னது, சீக்கிரம் ஏறிடும். அப்பப்போ போயிட்டா வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வெளிய வந்துடும். நீங்க அடக்கி வச்சா தேங்கின குட்டைதான். நல்லாப் பெருகும். நீங்க எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா போறீங்க?"

எழில்மொழி சொன்னாள். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம்.

டாக்டர் அதைக் கேஸ் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, கிருமிக்குப் பலிக்கிற இரண்டு மருந்தில் ஒன்றை ஊசியாக ஆரம்பிக்கிறோம், முழுசாக முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். இந்த முறை சிறுநீரகம் தப்பித்துவிடும், மறுபடி வந்தால் அதில் தழும்பு விழும், அது ஆறாது, அடுத்ததுக்கு இந்த மருந்தும் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் கட்டாயம் போக வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று முடித்தார்.

எழில்மொழிக்குப் பொறுக்கவில்லை. "எங்க டாக்டர் போறது?" என்றாள்.

ஜெமிமா நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு நான் மருந்துச் சீட்டு எழுத முடியாதேம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

புது ஊசி பிடித்தது. மறுநாளே நடுக்கம் நின்றது, மூன்றாம் நாள் சோறு இறங்கியது. சோறு இறங்கியதும் வீட்டுக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தாள், பழக்கதோஷம். குப்பம்மாதான் தடுத்தாள். டாக்டர் போகச் சொல்கிற நாள்வரைக்கும் நீ இந்தக் கட்டிலை விட்டு இறங்கினால் காலை உடைப்பேன் என்றாள். துணிப்பையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனாள். மாடியில் இரண்டு பேர் அதற்காக அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நல்ல மாத்திரையை வீணாக்கிவிட்டாளாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று அண்ணாச்சி வாசலிலேயே நின்று வரவேற்றார். உண்மையான பிரியம்தான். அவள் இல்லாத நாட்களில் எடைத் தகராறு வந்து இரண்டு பார்ட்டிகள் வேறு மேடைக்குப் போய்விட்டார்கள். கண்ணாடி அறைக்குள் ஒரு புது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் குழாய் வைத்த பெரிய தண்ணீர் கேன், பக்கத்தில் புது டம்ளர்.

"டாக்டர் தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லியிருக்காவளாமே. வால்டர் சொன்னான். குடி, நல்லாக் குடி. தீரத் தீர ரொப்பிருவோம்" என்றார்.

அந்த கேனைப் பார்த்ததும் எழில்மொழிக்கு அதைத் தூக்கி ரோட்டில் எறியலாம் போலிருந்தது. மாடிச் சாவி வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். ஷேர் ஆட்டோவில் வரும்போது வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். வாய் திறந்தால், "சரி அண்ணாச்சி, தேங்க்ஸ்" என்றுதான் வந்தது. அவர் திருப்தியாக மாடிக்குப் போனார்.

உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் குடித்தாள். கோபத்தில் இன்னொன்று. வண்டிகள் வந்தன, எடை போட்டாள், மறுபடி குடித்தாள். பத்தரை மணிக்கு முட்டியது. பழைய எழில்மொழி காலை இறுக்கிக்கொண்டிருப்பாள். இவளுக்கு அந்த விலாவலி ஞாபகம் வந்தது. தளத்தில் ஒரு லோடு வண்டி ஏறி நின்றுகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரை அணைத்து, அறையைப் பூட்டி, மெயின் ரோட்டில் இருக்கிற பெட்ரோல் பங்கை நோக்கி நடந்தாள். அங்கே பெண்களுக்கு ஒன்று உண்டு. போக ஒரு கால்மணி, வர ஒரு கால்மணி. திரும்பியபோது ஏழெட்டு வண்டி நின்றது. ஒன்றும் பேசாமல் எடை போட்டாள். ஒன்றரை மணிக்கு மறுபடி பூட்டினாள். இந்த முறை திரும்பி வரும்போது வரிசை முனை திரும்பி ரோட்டை அடைத்திருந்தது. ஹாரன் காதைப் பிளந்தது. அறை வாசலில் அண்ணாச்சி வேர்வை வழிய நின்றார். சுற்றிலும் டிரைவர்கள், கிளீனர்கள், சுமைக்காரர்கள்.

"லோடு வண்டி மேடையில நிக்கி, நீ பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிருத. எங்கம்மா போன?"

வழக்கமான பதில்கள் அவளிடம் எத்தனையோ இருந்தன. தலைவலி, மருந்து வாங்க, வீட்டிலிருந்து போன். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அத்தனை ஆண்கள் முகத்தையும் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்லச் சலிப்பாக இருந்தது.

"ஒண்ணுக்குப் போனேன் அண்ணாச்சி" என்றாள். "பெட்ரோல் பங்குக்குப் போனேன். இங்க எனக்கு எடம் கெடயாது. நாலரைக்கு மறுபடி போவேன். நாளைக்கும் போவேன். நீங்க வெச்ச தண்ணி வேற எங்க போவும்?"

கூட்டத்தில் ஒருவன் தொண்டையைச் செருமினான். ஒருவன் போனை எடுத்துப் பார்த்தான். வால்டர் மட்டும் நகர்ந்து வந்து, அவள் பூட்டைத் திறப்பதற்கு வழி விடச் சொல்லி மற்றவர்களை விலக்கினார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்றார்.

அவள் உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். மனசில் இருந்ததைச் சொன்னால் வேலை போய்விடும் என்று தோன்றியது. மாடியில் தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்வருகிறவர், இந்தப் பெண் எங்கே போகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள் யோசித்திருக்க மாட்டாரா? யோசிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம், கெட்ட எண்ணம்கூட இல்லை. நாலரை வரை போகவில்லை, மூன்று மணிக்கே ராயபுரத்திலிருந்து சாவி வந்துவிட்டது. சிவந்தி ஒரு சோப்பும் கொடுத்தனுப்பியிருந்தாள். எழில்மொழி படியேறிப் போய், பளபளவென்ற அந்த டைல்ஸ் அறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே ஒரு வாக்கியத்துக்காகவா ஒரு சிறுநீரகத்தைப் பணயம் வைத்தோம் என்று நினைத்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. அதில் பெரும்பங்கு தன் மேல்தான்.

அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று அண்ணாச்சியே அனுப்பிவிட்டார். வழக்கமாக அவள் வருவதற்கு முன்னால் சங்கமித்ரா வந்து, குளித்து, படிக்க உட்கார்ந்திருப்பாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதைப் பார்த்து வருஷக்கணக்கில் ஆயிற்று. படியில் தடதடவென்று ஓடிவருகிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், அம்மா இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. புத்தகப்பையை நடுவீட்டில் எறிந்துவிட்டு நேரே கழிவறைக்குள் ஓடினாள். செருப்பைக் கழற்றவில்லை.

எழில்மொழி பையை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள். கனத்தது. பக்கவாட்டில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை உருவினாள். காலையில் நிரப்பிய தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது.

சங்கமித்ரா வெளியே வந்து, அம்மா கையில் பாட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"தாகமே எடுக்கலம்மா" என்றாள்.

"ஸ்கூல்ல போறதே இல்லயா நீ?"

பெண் காலால் தரையைத் தேய்த்தாள். "கதவுல தாப்பா கெடயாதும்மா. யாருமே போவ மாட்டோம்."

"டீச்சராண்ட சொல்றதுக்கு இன்னாடி?"

கேட்ட பிறகுதான் அது அண்ணாச்சியின் கேள்வி என்று எழில்மொழிக்கு உறைத்தது. மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம வூட்லயே சூடுன்னுதான சொல்வ. அவங்களாண்ட போய் இன்னான்னு சொல்றது?"

எழில்மொழி பாட்டிலை வைத்துவிட்டு மகளைக் கிட்டே கூப்பிட்டாள். எரிகிறதா, எத்தனை நாளாக, அடிவயிற்றில் வலி உண்டா, கலங்கலாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாக, அந்தந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டாள். பெண் முதலில் கூசினாள். பிறகு சொன்னாள். சில மாதமாக அவ்வப்போது எரிகிறதாம்.

எழில்மொழி அவளை அணைத்துக்கொண்டாள். அப்புறம் போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன், முதலில் மகளோடு ஆஸ்பத்திரிக்கும் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தில் என்ன ஜோலி என்று அவர் கேட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.